ஞாயிற்றுக்கிழமை இல்லாத மாணவர்

அண்ணல் அம்பேத்கரைப் பற்றி மேடையில் பேசுகிறவர்கள் 'அமெரிக்கா போனார், லண்டன் போனார், பட்டங்களைக் குவித்தார்' என்று ஒரே மூச்சில் தாண்டிப் போய்விடுகிறார்கள். பட்டங்களின் பட்டியல் நம்ம பிள்ளைகளுக்கு மனப்பாடம். ஆனால் அந்த மனுசன் அங்கே எங்கே தூங்கினார், என்ன சாப்பிட்டார், யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டார் என்று கேட்டால் பதில் வராது. சேரியில் நான் எடுக்கும் மாலை வகுப்பில் ஒரு பையன் கேட்டான்: "அண்ணா, லீவு நாள்ல அவரு எங்கெல்லாம் சுத்திப் பாத்தாரு?" மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்கு அது சரியான கேள்வியாகப் பட்டது.

1913 பிப்ரவரியில் தகப்பனார் ராம்ஜி இறந்துபோனார். அதே வருசம் ஜூனில் பரோடா சமஸ்தானத்தோடு ஒப்பந்தம். மாதம் பதினொன்றரைப் பவுண்டு உதவித்தொகை, மூன்று வருசப் படிப்பு. முடித்து வந்ததும் பத்து வருசம் சமஸ்தானத்தில் வேலை பார்க்க வேண்டும். ஜூலையில் நியூயார்க் போய் இறங்கினார். வயசு 22. முதலில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஹார்ட்லி விடுதி. சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் காஸ்மாபாலிடன் கிளப்புக்கு மாறினார். பிறகு லிவிங்ஸ்டன் விடுதி. அங்கே கூட இருந்தவர் நவல் பதேனா என்கிற பார்சி நண்பர்.

இதை வெறும் முகவரிப் பட்டியல் என்று தள்ளிவிடக் கூடாது. பள்ளிக்கூடத்தில் உட்கார வீட்டிலிருந்து சாக்குத்துண்டு சுமந்துபோன பிள்ளை இவர். தாகம் எடுத்தால் பியூன் வந்து குழாயைத் திறந்துவிட வேண்டும். பியூன் வரவில்லை என்றால் தண்ணி இல்லை. அந்தப் பிள்ளைதான் இப்போது தானே குழாயைத் திறந்து குடிக்கிறார், எல்லாரும் சாப்பிடுகிற மேசையில் சாப்பிடுகிறார், வேறு சமூகத்துக்காரரோடு ஒரே விடுதியில் தூங்கி எழுகிறார். சாதி இந்துப் பையனுக்கு இதெல்லாம் சாதாரண நாள். நமக்கு அதுவே கடல் தாண்டிப் போனால்தான் கிடைத்தது.

அமெரிக்கா ஒன்றும் சொர்க்கமில்லை. அவர் போய்ச் சேர்ந்த அதே 1913இல்தான் அதிபர் வில்சனின் நிர்வாகம் கூட்டரசு அலுவலகங்களில் கறுப்பு ஊழியர்களைத் தனியாகப் பிரித்து உட்கார வைத்தது. அந்த மக்களின் நிலையை அம்பேத்கர் கவனித்துப் படித்தவர். 1946இல் டூ பாய்ஸ் அவர்களுக்குக் கடிதம் எழுதித் தொடர்பு கொண்டதும் அந்த அக்கறையில்தான்.

லீவு நாள் கதைக்கு வருவோம். அவருடைய வரலாற்றை எழுதிய தனஞ்சய் கீர் சொல்வதைப் பார்த்தால், ஓய்வு கிடைத்தபோது அவர் போனது பழைய புத்தகக் கடைகளுக்கு. நியூயார்க்கில் மட்டும் ஏறக்குறைய 2000 புத்தகம் வாங்கியிருக்கிறார். உதவித்தொகையில் வீட்டுக்கும் அனுப்ப வேண்டும். பம்பாயில் ரமாபாய் அரைவயிற்றோடு குடும்பம் நடத்திக்கொண்டிருந்தார். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி மிச்சம் பிடித்த காசுதான் புத்தகமாக மாறியது. பொருளாதாரத்தில் மட்டும் 29 பாடங்கள், வரலாற்றில் 11; கூடவே சமூகவியல், தத்துவம், மானுடவியல். 1915இல் எம்.ஏ. 1916 மே 9 அன்று கோல்டன்வைசரின் மானுடவியல் கருத்தரங்கில் 'இந்தியாவில் சாதிகள்' கட்டுரையைப் படித்தார்.

அந்த வருசமே லண்டன் போனார். 1917இல் உதவித்தொகைக் காலம் முடிந்து, படிப்பு பாதியில் நிற்க, ஊர் திரும்ப வேண்டியதாயிற்று. உலகப்போர் நடந்துகொண்டிருந்தது. அவர் பெட்டிகளை ஏற்றிவந்த கப்பல் கடலில் மூழ்கடிக்கப்பட்டது, புத்தகங்களும் போயின.

அடுத்து பரோடா. ஒப்பந்தப்படி வேலைக்குப் போனவருக்குத் தங்க இடமில்லை. வெளிநாட்டில் இருந்த வருசங்களில் தான் தீண்டத்தகாதவன் என்கிற நினைப்பே மனசில் இல்லாமல் போய்விட்டது, பரோடாவில் இறங்கியதும் எங்கே போவது என்ற கேள்வி வந்து நின்றது என்று அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். ஒரு பார்சி சத்திரத்தில் பார்சிப் பெயரில் தங்கினார். பதினோராம் நாள் பார்சிகள் கும்பலாகத் தடியோடு வந்து நின்றார்கள். நண்பர்கள் இரண்டு பேரைக் கேட்டுப் பார்த்தார். ஒருவர் இந்து, ஒருவர் கிறித்தவர். இரண்டு வீட்டிலும் இடமில்லை. பம்பாய் ரயில் இரவு ஒன்பது மணிக்கு. அதுவரை ஐந்து மணி நேரம் காமாத்தி பாக் பூங்காவில் உட்கார்ந்திருந்தார். நியூயார்க்கில் பொழுதையெல்லாம் புத்தகத்துக்குக் கொடுத்தவரைச் சொந்த நாடு பூங்காவில் சும்மா உட்கார வைத்தது.

1920இல் மறுபடி லண்டன். வேலை பார்த்துச் சேர்த்த பணம், கோலாப்பூர் சாகு மகராஜின் உதவி, பதேனாவிடம் வாங்கிய கடன். காலையில் ஒரு துண்டு ரொட்டி. அதோடு பிரிட்டிஷ் மியூசியம் நூலகத்துக்குப் போனால் மூடுகிற வரைக்கும் படிப்பு. ராத்திரி பசித்தால் நாலு அப்பளம் பொரித்துத் தின்றுவிட்டு மறுபடி புத்தகம். 1923இல் பொருளாதாரத்தில் டி.எஸ்ஸி. வாங்கினார்.

பின்னாளில் வைசிராய் நிர்வாகக் குழுவில் உறுப்பினரானபோது, நம்ம மாணவர்கள் வெளிநாடு போய்ப் படிக்க அரசுப் பணத்தைப் போராடி வாங்கிக் கொடுத்தவர் அவர். தான் பட்டபாடு அடுத்தவன் படக்கூடாது என்று நினைத்த மனுசன். சுதந்திரத்துக்குப் பின் 1954-55இல் தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகைத் திட்டம் வந்தது. அந்தத் திட்டத்தில்தான் 2022இல் புது விதி ஒன்றைச் சேர்த்தார்கள்: இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய ஆய்வுகளுக்கு உதவித்தொகை கிடையாது.

எண்ணிப் பாருங்கள். 1915இல் எம்.ஏ.வுக்கு அவர் எழுதிய ஆய்வேடு பண்டைய இந்திய வணிகம் பற்றியது; அடுத்த வருசம் படித்த கட்டுரை சாதி பற்றியது. 2022 விதிப்படி இரண்டுக்கும் காசு கிடைக்காது. பரோடா மன்னர் அன்று போடாத நிபந்தனையைச் சனநாயக அரசு போட்டிருக்கிறது. நம்ம பிள்ளை வெளிநாடு போகலாமாம், சாதியைப் பற்றி மட்டும் கேட்கக் கூடாதாம். அடித்தவன் தடி எந்த மரத்தில் வெட்டியது என்று அடிபட்டவன் ஆராய்ந்துவிடக் கூடாது என்கிற பயம்தான் இது.

அம்பேத்கர் படத்துக்கு மாலை போடுகிற எல்லாக் கட்சிக்காரர்களிடமும் இந்த விதியைப் பற்றிக் கேட்போம். பதில் சொல்லிவிட்டு மாலை போடட்டும்.