முதுமொழி: பொருளும் பயனும்



சம்பள நாளன்று பேரன் கடைக்குக் கிளம்பும்போது, "ஏம்பா, ஆத்துல போட்டாலும் அளந்து போடு" என்று பாட்டி சொல்லக் கேட்டிருப்பீர்கள். நாலே சொல்தான். ஆனால் பேரன் கையிலுள்ள வெள்ளியை ஒரு தடவை எண்ணிப் பார்ப்பான். இப்படிச் சுருங்கச் சொல்லி விளங்க வைப்பதற்கு நம் முன்னோர் இட்ட பெயர் முதுமொழி. பழமொழி என்றும், பேச்சு வழக்கில் சொலவடை என்றும் சொல்வார்கள்.

தொல்காப்பியர் செய்யுளியலில் இதற்கு இலக்கணம் வகுத்திருக்கிறார். நுட்பம், சுருக்கம், தெளிவு, மென்மை ஆகிய நான்கும் அதில் இருக்க வேண்டும் என்றார். அதோடு விட்டாரா? இல்லை. எடுத்துக்கொண்ட பொருளை முடித்துவைக்கும் காரணமாக அது வந்து நிற்க வேண்டும் என்றும் சொன்னார். அதாவது, முதுமொழி அலங்காரத்துக்கு அல்ல, காரியத்துக்கு.

அகநானூற்றின் 101ஆம் பாடலில் 'பழமொழி' என்ற சொல்லே வருகிறது. பாடியவர் மாமூலனார். தலைவனைப் பிரிந்த தலைவி தோழியிடம், நல்லது செய்தவர்க்குத் தீங்கு வராது என்ற பழமொழி இன்று பொய்த்துப் போயிற்றோ என்று மனம் நொந்து கேட்கிறாள். துன்பம் வந்த நேரத்தில் அவள் வாயில் வந்தது பழமொழிதான்!

பின்னாளில் முன்றுறை அரையனார் பழமொழிகளை அமைத்துப் பழமொழி நானூறு பாடினார். பெர்சிவல் பாதிரியார் தாம் தொகுத்த பழமொழிகளை 1842இல் யாழ்ப்பாணத்தில் வெளியிட்டார். 1874இல் வந்த பதிப்பில் ஆறாயிரத்துக்கும் மேல் இருந்தன.

இன்று நம் பிள்ளைகள் பழமொழியையும் பொருளையும் மனப்பாடம் செய்து தேர்வில் எழுதுகிறார்கள். நல்லதுதான். ஆனால், "இதை எப்போ சொல்லணும்?" என்று கேட்டால் முழிக்கிறார்கள். குற்றம் பிள்ளைகள் மேல் இல்லை. லயத்து வாசலில் கூடிப் பேசிய காலத்தில் அந்தப் பாடத்தைப் பாட்டிமார் நடத்தினார்கள். தோட்டத்தை விட்டுப் பல குடும்பங்கள் பட்டணம் போனபின், அந்த வாசலும் இல்லை. அந்தப் பேச்சும் குறைந்துவிட்டது.

பெற்றோர்களே, வீட்டில் பேசும்போது சமயம் பார்த்து ஒரு பழமொழி சொல்லுங்கள். மாணவர்களே, தாத்தா பாட்டியிடம் கேட்டு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். பொருளை மட்டும் எழுதினால் போதாது. யார் சொன்னாங்க, எப்போ சொன்னாங்க, எதுக்காகச் சொன்னாங்க என்பதையும் சேர்த்து எழுதுங்கள். முதுமொழியின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

வாழ்க தமிழ்!