தமிழ்நாட்டில் முதியோர் மருத்துவம்

தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தோருக்கான மருத்துவ ஏற்பாடுகள் கஞ்சி வார்ப்பதில் தொடங்கி, மருத்துவமனைப் பிரிவாக வளர்ந்து, அண்மைக் காலத்தில் வீடு தேடிச் செல்லும் சேவையாக மாறியிருக்கின்றன. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மாநில மக்களில் 10.4 சதவீதம், ஏறத்தாழ 75 லட்சம் பேர், இந்த வயதினர். இந்த விகிதம் 2021இல் 13.6, 2031இல் 18.2 சதவீதமாகும் என்று மத்திய அரசின் வல்லுநர் குழு கணித்தது. பெரிய மாநிலங்களில் கேரளத்துக்கு அடுத்த இடம் இது. பிறப்பு விகிதம் விரைந்து குறைந்தது, ஆயுள் நீண்டது. வீட்டுக்கு ஒன்றிரண்டு பிள்ளைகள் என்றான அதே காலத்தில் அந்தப் பிள்ளைகளும் வேலை தேடித் திருப்பூருக்கும் சென்னைக்கும் வெளிநாட்டுக்கும் போனார்கள்.

ஆதரவற்ற முதியோருக்கான பழைய நிறுவனங்களில் முக்கியமானது சென்னையின் மணியக்காரர் சத்திரம். ஹைதர் அலி படையெடுப்பை ஒட்டிய பஞ்சத்தில், 1782இல், கஞ்சி ஊற்றும் இடமாக அது எழுந்தது. 1799இல் ஜான் அண்டர்வுட் என்ற மருத்துவர் அங்கே மருத்துவமனை ஒன்றைத் தொடங்கினார். அதுதான் இன்றைய ஸ்டான்லி மருத்துவமனையின் வேர். வடசென்னையில் அதற்குக் ‘கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி’ என்ற பெயர் நிலைத்தது இப்படித்தான். சத்திரமோ முதியோர் இல்லமாகத் தொடர்ந்தது.

விடுதலைக்குப் பின் அரசு முதலில் கவனித்ததும் வயிற்றைத்தான். 1962 ஏப்ரல் 1 முதல் ஆதரவற்ற முதியோருக்கு மாதம் 20 ரூபாய் உதவித்தொகை வழங்கப்பட்டது. எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1982இல் தொடங்கிய சத்துணவுத் திட்டம் அடுத்த ஆண்டே உதவித்தொகை பெறும் முதியோருக்கும் விரிந்தது. ‘ஓஏபி பணம்’ என்று கிராமங்களில் சொல்லப்படும் இந்தத் தொகை 2011இல் 1,000 ரூபாயாகவும் 2023இல் 1,200 ரூபாயாகவும் உயர்ந்தது. இதை மருத்துவக் கணக்கில் சேர்க்கலாமா என்ற கேள்வி எழலாம். தனியாக வாழும் மூதாட்டி ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோ பிடிப்பது பெரும்பாலும் இந்தப் பணத்தில்தான் என்பதால், சேர்ப்பதே பொருத்தம்.

முதுமையைத் தனி மருத்துவத் துறையாகப் பார்க்கும் முயற்சி 1978இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் தொடங்கியது. மருத்துவர் வ. செ. நடராசன் அங்கே முதியோருக்கெனப் புறநோயாளிப் பிரிவு ஒன்றை நடத்தினார். 1988இல் பத்துப் படுக்கைகள் கொண்ட வார்டு வந்தது. 1996இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் இத்துறைக்கான எம்.டி. பட்டமேற்படிப்பு தொடங்கியது. மூன்றுமே இந்தியாவில் முன்னோடி முயற்சிகள். நடராசனுக்கு 2012இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. எழுபது வயதுக்காரருக்கு நிமோனியா வந்தால் காய்ச்சலே இல்லாமல் குழப்பம் மட்டும் தெரியலாம். நான்கு மருத்துவர்கள் எழுதிய மாத்திரைகள் ஒன்றோடொன்று மோதித் தலைசுற்றலும் கீழே விழுதலும் நேரலாம். ‘வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்’ என்று ஒதுக்கப்பட்ட இத்தகைய தொல்லைகளை நோயாகக் கருதி ஆராய்வதே இத்துறையின் பணி. ஆனால் இத்துறை வல்லுநர்களின் எண்ணிக்கை தேவைக்கு ஏற்ப வளரவில்லை.

அரசுக்கு வெளியே நடந்தவற்றுள் பெரியது கண் மருத்துவம். மதுரை அரசு மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய கோ. வெங்கடசாமி, 58 வயதில் ஓய்வுபெற்ற பின், 1976இல் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கண்புரையால் பார்வை இழந்த கிராமத்து முதியவருக்கு அறுவை சிகிச்சை இலவசம் என்று சொன்னால் மட்டும் போதவில்லை. துணைக்கு வர ஆள் வேண்டும், வந்தவருக்கு ஒரு நாள் கூலி போகும். ஆகவே முகாம் ஊருக்கே போனது. புரை முற்றியவர்களைப் பேருந்தில் மதுரைக்கு அழைத்துச் சென்று, சாப்பாடு போட்டு, லென்ஸ் வைத்து, கறுப்புக் கண்ணாடியுடன் ஊரில் கொண்டுவந்து விட்டார்கள். கட்டணம் செலுத்துவோரின் பணம் இலவச சிகிச்சைகளைத் தாங்கியது. 1992இல் தொடங்கிய ஆரோலேப், லென்ஸை உள்ளூரிலேயே தயாரித்து அதன் விலையைப் பன்மடங்கு குறைத்தது.

முதியோருக்கென்று கொண்டுவரப்படாமலே அவர்களுக்குப் பெரிதும் உதவிய ஏற்பாடு, 1994இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். அரசு மருத்துவமனைகளுக்கான மருந்துகளை மொத்தமாக வாங்கிக் கிடங்குகள் வழியே அனுப்பும் இந்த அமைப்பால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் சுகர் மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் தடையின்றிக் கிடைப்பது எளிதானது. உலக வங்கி உதவியுடன் 2007இல் விருதுநகர், சிவகங்கை மாவட்டங்களில் ரத்த அழுத்தப் பரிசோதனை முன்னோட்டமாக நடத்தப்பட்டது. பிறகு தொற்றா நோய்த் திட்டம் மாநிலம் முழுவதற்கும் விரிந்தது.

2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமும் 2012இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் வந்தன. இதயத்துக்கும் மூட்டுக்கும் அறுவை சிகிச்சை ஏழை முதியோருக்கும் எட்டியது இவற்றால்தான். எனினும் காப்பீட்டின் இயல்பு மருத்துவமனைக்குள் நடப்பதற்குப் பணம் தருவது. வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவருக்கு அறுவை சிகிச்சை நடந்துவிடும். அதன்பின் அவரை மாதக்கணக்கில் எழுப்பி உட்கார வைக்கும் வேலை காப்பீட்டு அட்டையின் கணக்கில் வராது.

2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், பிள்ளைகளிடம் பராமரிப்புத் தொகை கேட்கும் உரிமையைத் தந்தது. கூடவே அரசு மருத்துவமனைகளில் இயன்றவரை முதியோருக்குப் படுக்கைகளும் தனி வரிசையும் ஒதுக்கச் சொன்னது. தமிழ்நாட்டில் இதற்கான விதிகள் 2009இல் வகுக்கப்பட்டன. ஓபி சீட்டு வாங்க நிற்கும் வரிசையில் இந்தச் சட்டம் எவ்வளவு தெரிகிறது என்பது இடத்துக்கு இடம் மாறுகிறது.

2010-11இல் தொடங்கிய தேசிய முதியோர் நலத் திட்டத்தின்கீழ் நாட்டில் இரண்டு தேசிய முதுமை மையங்கள் அமைக்க முடிவானது. ஒன்று டெல்லி எய்ம்ஸ், மற்றொன்று சென்னை. கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட் வளாகத்தில் எழுந்த கட்டடம் அதன் நோக்கத்துக்குப் பயன்படும் முன்பே கொரோனா வந்துவிட்டது. 2020 ஜூலையில் அது கொரோனா மருத்துவமனையாகத் திறக்கப்பட்டது. 200 படுக்கைகள் கொண்ட முதியோர் மருத்துவமனையாக முறைப்படி திறக்கப்பட்டது 2024 பிப்ரவரியில்தான்.

இதற்கிடையே, 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியது. முதியோரைப் பொறுத்தவரை இதுவே தெளிவான திருப்பம். மகளிர் சுயஉதவிக் குழுவைச் சேர்ந்த உள்ளூர்ப் பெண் ஒருவர் பிரஷர் பார்க்கும் கருவியும் சர்க்கரை பார்க்கும் கருவியுமாகத் தெருவுக்கு வருகிறார். திண்ணையில் உட்கார்ந்திருப்பவரின் விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்து அளவைக் குறித்துக்கொண்டு மாத்திரையைக் கொடுக்கிறார். பக்கவாதம் வந்தவருக்கு இயன்முறை மருத்துவரும், படுக்கையில் கிடப்பவருக்குப் புண்ணைச் சுத்தம் செய்து சிறுநீர்க் குழாய் மாற்ற நோய்த்தணிப்புச் செவிலியரும் வருகிறார்கள். 2024இல் ஐ.நா. அமைப்பின் விருதை இத்திட்டம் பெற்றது. குறை இல்லாமல் இல்லை: வட்டாரத்துக்குச் சிலரே உள்ள செவிலியரால் அடிக்கடி வர இயலாது, இடைப்பட்ட நாள்கள் குடும்பத்தின் பொறுப்பு, நடைமுறையில் மருமகளின் அல்லது மகளின் பொறுப்பு.

நீண்டகாலப் பராமரிப்புதான் இந்த வரலாற்றில் மிகவும் பின்தங்கிய பகுதி. அதன் கொடிய முகம் தென் மாவட்டங்களில், குறிப்பாக விருதுநகர் பகுதியில், ‘தலைக்கூத்தல்’ என்ற பெயரில் இருந்தது. படுத்த படுக்கையான முதியவரின் சாவை வீட்டாரே விரைவுபடுத்தும் வழக்கம் அது. தப்பிச் சென்ற முதியவர் ஒருவரால் 2010இல் இது செய்தியானது. சட்டப்படி இது கொலை. வறுமையும், பார்த்துக்கொள்ள ஆளின்மையும், வலிக்கு மருந்து கிடைக்காததும் சேர்ந்தே இது நீடித்தது என்பதால், காவல்துறையால் மட்டும் தீர்க்கக்கூடியதாக இதைக் கருத முடியாது.

வசதி உள்ளோர் கோவை, சென்னைப் புறநகர்களில் எழுந்துள்ள மூத்தோர் குடியிருப்புகளை நாடுகிறார்கள். நடுத்தரக் குடும்பங்கள் ஏஜென்சி வழியே ‘ஹோம் நர்ஸ்’ அமர்த்துகின்றன. அப்படி வருவோரில் பலர் செவிலியர் பயிற்சி பெற்றவர்கள் அல்லர். முதியோருக்கு உதவி எண் 14567 செயல்படுகிறது. 2025-26 நிதிநிலை அறிக்கையில் 25 ‘அன்புச்சோலை’ பகல்நேர மையங்கள் அறிவிக்கப்பட்டன. இவை நடமாட இயன்றவர்களுக்கானவை. மறதி நோய் முற்றியோருக்கும் எழுந்திருக்க இயலாதோருக்கும் வீடும் நோய்த்தணிப்புச் செவிலியரின் வருகையுமே இன்றைய ஏற்பாடு.