ராப்டரும் டிஆர்எக்ஸும்: பாலைவனப் பிக்கப் வண்டிகளின் போட்டி வரலாறு

பிக்கப் வண்டி என்பது ஓட்டுநர் அறைக்குப் பின்னால் திறந்த சரக்குத் தொட்டியைக் கொண்ட ஊர்தி ஆகும். அமெரிக்காவில் பண்ணை வேலைக்கும் கட்டட வேலைக்கும் பயன்பட்ட இவ்வண்டி, 21ஆம் நூற்றாண்டில் கரடுமுரடான நிலத்தில் அதிவேகமாக ஓடும் விலையுயர்ந்த ஊர்தியாகவும் உருமாறியது. இம்மாற்றத்தின் மையத்தில் இருந்தவை ஃபோர்டு நிறுவனத்தின் எஃப்-150 ராப்டர், ராம் நிறுவனத்தின் 1500 டிஆர்எக்ஸ் ஆகிய இரண்டு வண்டிகள்.

பின்னணி

தொடக்ககால அதிவேகப் பிக்கப்கள் தார்ச்சாலைக்கு உரியவை. ஃபோர்டு 1993இல் எஃப்-150 லைட்னிங்கை வெளியிட்டது. 2004இல் வந்த ராம் எஸ்ஆர்டி-10, வைப்பர் காரின் 500 குதிரைத்திறன் கொண்ட வி10 இயந்திரத்தைப் பெற்றிருந்தது. இவற்றால் சாலையில் சீறிப் பாய முடிந்தது. மணலிலும் பள்ளத்திலும் அந்த வேகம் பயன்படவில்லை.

பாலைவன வேகத்துக்கு வேறொரு மரபு இருந்தது. மெக்சிக்கோவின் பாஹா கலிபோர்னியா தீபகற்பத்தில் 1967 முதல் நெடுந்தொலைவுப் பந்தயங்கள் நடைபெற்று வருகின்றன. பாஹா 1000 என்று அறியப்படும் இப்பந்தயத்தில் வண்டியின் வேகத்தை முடிவு செய்வது இயந்திரம் மட்டுமன்று. ஒவ்வொரு குழியிலும் சக்கரம் எவ்வளவு ஏறி இறங்க முடியும் என்பதும் ஆகும்.

ராப்டரின் வருகை

இந்தப் பாடத்தை விற்பனை வண்டிக்குக் கொண்டுவந்ததே ராப்டரின் சிறப்பு. 2010 மாதிரியாண்டில் அறிமுகமான முதல் ராப்டரின் 5.4 லிட்டர் இயந்திரம் 310 குதிரைத்திறன் மட்டுமே தந்தது. ஆனால் முன்சக்கரங்கள் சுமார் 28 செ.மீ., பின்சக்கரங்கள் சுமார் 31 செ.மீ. ஏறி இறங்கும்படி அதன் தாங்கமைப்பு வடிவமைக்கப்பட்டது. ஃபாக்ஸ் நிறுவனத்தின் ஷாக் அப்சார்பர்கள், சக்கரம் மேலே செல்லச் செல்ல கூடுதல் தடையைக் கொடுத்து, வண்டி அடிபடாமல் காத்தன. விரைவில் 411 குதிரைத்திறன் கொண்ட 6.2 லிட்டர் இயந்திரமும் சேர்ந்தது. 2017இல் வந்த இரண்டாம் தலைமுறையில் வி8 இயந்திரம் நீக்கப்பட்டு, 450 குதிரைத்திறன் கொண்ட இரட்டை டர்போ வி6 பொருத்தப்பட்டது.

டிஆர்எக்ஸின் மறுமொழி

ராம் நிறுவனம் 2020 ஆகஸ்டில் டிஆர்எக்ஸை வெளியிட்டது. ராப்டர் என்ற சொல் சிறிய வேட்டை டைனோசர்களைக் குறிப்பது. டிஆர்எக்ஸ் என்ற பெயரோ அவற்றைவிடப் பன்மடங்கு பெரிய டி-ரெக்ஸ் டைனோசரை நினைவூட்டுவது. சூப்பர்சார்ஜர் பொருத்திய 6.2 லிட்டர் வி8 இயந்திரம் 702 குதிரைத்திறன் அளித்தது.

டிஆர்எக்ஸுக்கு மற்றொரு வலிமையும் இருந்தது. ராம் 1500 வண்டிகள் 2009 மாதிரியாண்டு முதலே பின்புறம் சுருள்வில்லைப் பயன்படுத்தின. ராப்டர் அதுவரை லீஃப் ஸ்பிரிங் எனப்படும் பட்டை அடுக்குகளையே நம்பியிருந்தது. 2021இல் ஃபோர்டும் சுருள்வில்லுக்கு மாறியது. 37 அங்குல டயர்களையும் விருப்பத் தேர்வாக வழங்கியது. பின்னர் 2023 மாதிரியாண்டுக்கான ராப்டர் ஆர் வண்டியில் 700 குதிரைத்திறன் கொண்ட வி8 இயந்திரத்தைப் பொருத்தியது.

தேர்வின் விலை

இவ்விரண்டில் ஒன்றை வாங்குவோர் சில இழப்புகளையும் ஏற்க வேண்டியிருந்தது. சக்கரம் தாராளமாக ஏறி இறங்க மென்மையான வில் தேவை. மென்மையான வில்லால் பெருஞ்சுமையைத் தாங்க இயலாது. 2021இன் சாதாரண எஃப்-150 தக்க அமைப்புடன் 6,350 கிலோ வரை இழுக்கக்கூடியது. ராப்டரின் வரம்பு சுமார் 3,720 கிலோ. டிஆர்எக்ஸின் வரம்பு சுமார் 3,670 கிலோ. எரிபொருளில் மட்டும் இரண்டுக்கும் இடைவெளி பெரிது: அமெரிக்க அரசின் மதிப்பீட்டில் 2021 ராப்டர் லிட்டருக்கு ஏறக்குறைய 6.8 கி.மீ., டிஆர்எக்ஸ் 5.1 கி.மீ. ஓடின. விலையும் ஏறியது. முதல் ராப்டர் சுமார் 39,000 டாலருக்கு விற்கப்பட்டது. ராப்டர் ஆர் 1,00,000 டாலரைத் தாண்டியது.

முடிவும் தொடர்ச்சியும்

வி8 டிஆர்எக்ஸ் 2024 மாதிரியாண்டுடன் நிறுத்தப்பட்டது. அதன் இடத்தில் 2025இல் வந்த ராம் ஆர்எச்ஓ, இரட்டை டர்போ கொண்ட ஆறு உருளை இயந்திரத்தால் 540 குதிரைத்திறன் தருகிறது. ஏறத்தாழ 160 குதிரைத்திறன் குறைந்தபோதிலும், டிஆர்எக்ஸின் தாங்கமைப்பும் 35 அங்குல டயர்களும் அதில் தொடர்கின்றன. இயந்திரங்கள் வி8இலிருந்து வி6க்கும், மீண்டும் வி8க்கும், பின்னர் ஆறு உருளைக்கும் மாறிக்கொண்டே இருந்தன. நெடிது ஏறி இறங்கும் சக்கரங்களும் அவற்றை அடக்கும் ஷாக் அப்சார்பர்களும் எல்லாத் தலைமுறைகளிலும் நிலைத்தன. 310 குதிரைத்திறனுடன் தொடங்கிய முதல் ராப்டர் ஒரு புதிய வகையையே உருவாக்க முடிந்ததற்கும் இதுவே காரணம்.