புற்று கட்டும் கறையான்கள்

உலகில் ஏறத்தாழ 3,000 கறையான் இனங்கள் உள்ளன. தரைக்கு மேல் புற்றெழுப்புபவை அவற்றில் ஒரு பகுதியே. எல்லாப் புற்றும் கறையானின் வீடு என்று நினைக்கிறோம். புற்றின் பயனோ இனத்துக்கு இனம் வேறு.

தென்னிந்தியாவில் கோபுரம்போல் எழும் புற்றுகளில் பல, ஓடோன்டோடெர்மஸ் ஒபீசஸ் இனம் கட்டியவை. இந்தக் கறையான் சருகைத் தின்று வெளியேற்றிய எச்சத்தில் டெர்மிடோமைசிஸ் என்னும் காளானை வளர்க்கிறது. காளான் பதப்படுத்திய பிறகே அந்த உணவு அதற்கு முழுமையாகப் பயன்படுகிறது. மழைக்காலத்தில் ஊரார் பறித்துச் சமைக்கும் புற்றுக்காளான் இதுவே. பூச்சிக் கூட்டமும் காளானும் சேர்ந்து மூச்சுவிடுவதால் உள்ளே கரியமில வாயு தேங்கும். அதை வெளியேற்றத்தான் புற்று. பகலில் புற்றின் விளிம்புகள் முதலில் சூடேறுவதால் காற்று ஓரமாக மேலேறி நடுவில் இறங்குகிறது. இரவில் ஓரம் குளிர்ந்ததும் ஓட்டம் தலைகீழாகிறது. இந்தியாவில் இப்புற்றுகளை அளந்து 2015இல் வெளியான ஆய்வு இதைக் காட்டியது.

வட ஆஸ்திரேலியாவின் ஆமிடெர்மஸ் மெரிடியோனலிஸ் காளான் வளர்ப்பதில்லை. புல்லைச் சேமித்து உண்கிறது. மழைக்காலத்தில் வெள்ளம் நிற்கும் சமவெளியில் நிலத்தடிக்குப் போக வழியில்லாததால், புற்றுக்குள்ளேயே வாழ்கிறது. வடக்கு தெற்காக நிற்கும் தட்டையான சுவர் அந்தப் புற்று. அகன்ற பக்கங்களில் காலை, மாலை வெயில் படும். உச்சிவெயில் மெல்லிய விளிம்பில் மட்டுமே விழும்.

வியப்பூட்டுவது பிரேசிலின் சின்டெர்மஸ் டைரஸ். வடகிழக்கு வறண்ட காடுகளில் சுமார் 20 கோடி மேடுகள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2.5 மீட்டர் உயரம். வயது கணித்தவற்றில் மிகப் பழையது ஏறத்தாழ 4,000 ஆண்டு பழமையானது. ஆனால் இவற்றில் கூடே இல்லை. சருகு தேடிச் சுரங்கம் தோண்டியபோது வெளியே கொட்டிய மண்தான் இவை.

சூழலுக்குச் செய்யும் உதவியும் இந்த வேறுபாட்டைப் பொறுத்ததே. ஆப்பிரிக்கப் புல்வெளிகளில் காளான் வளர்க்கும் மாக்ரோடெர்மஸ் அடிமண்ணின் களியை மேலே கொண்டுவருகிறது. தழைச்சத்தும் ஈரமும் புற்றைச் சுற்றித் தங்குவதால் மரங்கள் அங்கே செழிக்கின்றன. கைவிடப்பட்ட புற்றில் பாம்பு குடியேறுவது நமக்குத் தெரிந்ததே. கரடிக்கும் அலங்குக்கும் புற்று தீனிக்களம்.

கறையானின் கெட்ட பெயருக்கும் காரணம் இல்லாமலில்லை. ஓடோன்டோடெர்மஸ் ஒபீசஸ் கரும்புக் கரணையையும் நிலக்கடலையையும் தாக்கும். சருகு மிச்சமின்றி அள்ளப்பட்ட, ஈரம் குறைந்த நிலத்தில் அந்தச் சேதம் கூடுதல்.