வளையிலிருந்து வலைக்கு: சிலந்தி நூலின் பரிணாமம்

சிலந்தி என்றதும் ஆரங்களும் சுருளுமாய்ப் பின்னிய வட்ட வலைதான் கண்முன் வரும். அதுவே சிலந்தி இனத்தின் உச்சம், மற்ற வலைகள் அதை நோக்கி ஏறிய படிகள் என்ற எண்ணம் ஆய்வாளர்களிடமும் நெடுங்காலம் இருந்தது. புதைபடிவங்களும் மரபணு ஒப்பீடும் அந்த ஏணியைக் கவிழ்த்துவிட்டன.

நியூயார்க் மாநிலத்து கில்போவாப் பாறைகள் ஏறத்தாழ 38 கோடி ஆண்டுப் பழமையானவை. பாறைத் துண்டை ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தில் கரைத்தால், பண்டைய உயிர்களின் மேல்தோல் துணுக்குகள் கரையாமல் மிஞ்சும். அத்தகைய துணுக்கு ஒன்றில் நூல் கசியும் நுண்குழாய்களைக் கண்ட வில்லியம் ஷியர் குழுவினர், 1989இல் அதை நூற்பு உறுப்பு என அறிவித்தனர். அந்த உயிருக்கு அட்டர்கோபஸ் என்று பெயர். மிகப் பழைய சிலந்தி என்ற பட்டமும் கிடைத்தது. 2008இல் பால் செல்டன், ஷியர், மார்க் சட்டன் மூவரும் மறுபடி ஆராய்ந்தபோது, விரல்போல் நீண்ட நூற்பு உறுப்பாகத் தோன்றியது வெறும் மடங்கிச் சுருண்ட தோல் என்று தெரிந்தது. தாம் சொன்னதைத் தாமே திருத்த ஷியர் தயங்கவில்லை. குழாய்கள் வயிற்றின் அடித்தகடுகளில் நேரடியாகப் பதிந்திருந்தன. பின்னால் சாட்டைபோல் ஒரு வாலும் இருந்தது. அசைக்க முடியாத குழாய்களால் நூலைப் பூசலாம், பொதியலாம், பின்ன முடியாது. முட்டையைச் சுற்றவோ வளையின் உட்சுவரை மெழுகவோ அது உதவியிருக்கலாம். ஆக, நூல் வலைக்கு மூத்தது, சிலந்திக்கும் மூத்தது.

வால் அவ்வளவு சீக்கிரம் மறைந்துவிடவில்லை. மியான்மரின் அம்பரில், அதாவது கல்லாய் இறுகிய மரப்பிசினில், சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் உறைந்த கைமெரராக்னே என்ற உயிர் 2018இல் வெளிச்சத்துக்கு வந்தது. முறையான நூற்பு உறுப்புகள் உண்டு, உடலைவிட நீண்ட வாலும் உண்டு. அதைச் சிலந்திக்கு எவ்வளவு நெருங்கிய உறவாக வைப்பது என்பதில், ஒரே சமயத்தில் கட்டுரை வெளியிட்ட இரு குழுக்களும் ஒத்துப்போகவில்லை.

வளைக்கும் வலைக்கும் தமிழில் ஓரெழுத்துதான் வேறுபாடு. சிலந்தி வரலாற்றிலும் இரண்டும் அவ்வளவு நெருக்கம். தென்கிழக்காசியாவில் இன்றும் வாழும் லிஃபிஸ்டியஸ் சிலந்தி, மண்வளைக்கு நூலால் கீல் வைத்த கதவு செய்கிறது. வாசலிலிருந்து நாலாபுறமும் சில இழைகளைத் தரையோடு இழுத்துவிட்டு, உள்ளே காத்திருக்கும். பூச்சியின் கால் இழையில் இடறினால் போதும், கதவு திறக்கும், பூச்சி மறையும். இந்த இழைகளில் பசை கிடையாது. இவை பிடிப்பதில்லை, சேதி சொல்கின்றன.

ஒட்டும் திறன் பிறகு வந்தது, அதுவும் முதலில் பசையில்லாமல். சல்லடை போன்ற ஒரு தட்டிலிருந்து ஆயிரக்கணக்கான மெல்லிழைகளை இழுத்து, பின்னங்கால் மயிர்ச் சீப்பால் சீவிப் பஞ்சாக்கும் முறை அது. தமிழ்நாட்டு முள்வேலிகளில் கூட்டமாய்க் குடியிருக்கும் ஸ்டெகோடைஃபஸ் சிலந்திகளின் வலையை உருப்பெருக்கியில் பார்த்தால் இழையைச் சுற்றிப் புகைபோன்ற பஞ்சு தெரியும். பூச்சியின் மயிரடர்ந்த கால்கள் அதில்தான் சிக்குகின்றன. சீவும் வேலை நேரத்தைத் தின்பது. ஈரப்பசையைத் துளித்துளியாய் இழையில் கோத்த சிலந்திகள் அந்த நேரத்தை மிச்சப்படுத்தின. ஸ்பெயின் அம்பர் ஒன்றில், 11 கோடி ஆண்டுக்கு முந்தைய அத்தகைய இழைகளில் ஓர் ஈயும் ஒரு வண்டும் ஒரு குளவியின் காலும் சிக்கியிருந்ததை 2006இல் ஆய்வாளர்கள் விவரித்தனர்.

பஞ்சிழைக்காரர்களிலும் பசையிழைக்காரர்களிலும் வட்ட வலை பின்னுவோர் உண்டு. கட்டும் வரிசையும் ஒன்றே: சட்டம், ஆரங்கள், தற்காலிகச் சுருள், கடைசியில் ஒட்டும் சுருள். அதனால் இரு கூட்டமும் ஒரே குடும்பம் என்றே கருதினர். 2014இல் வெளியான மரபணு ஆய்வுகள், வட்ட வலை பின்னும் பஞ்சிழைக்காரர்களுக்கு நெருங்கிய சொந்தம் ஓநாய்ச் சிலந்திகளும் தாவும் சிலந்திகளும் என்று காட்டின. அப்படியானால் வட்ட வலை இருமுறை தோன்றியிருக்க வேண்டும். அல்லது ஒருமுறை வெகு முன்பே தோன்றிப் பல கிளைகளில் கைவிடப்பட்டிருக்க வேண்டும். கட்டும் வரிசையின் ஒற்றுமையை வைத்துப் பார்த்தால் எனக்கு இரண்டாவதே பொருத்தமாகப் படுகிறது. கைவிடுவது சிலந்திகளுக்குப் புதிதுமில்லை. அமெரிக்காவின் மாஸ்டோஃபோரா சிலந்தி வட்ட வலைக் குடும்பத்தில் பிறந்தது. பெண் அந்துப்பூச்சியின் வாசனையைப் பரப்பி ஆண்பூச்சியை வரவழைத்து, ஒற்றை இழையின் நுனியில் தொங்கும் பசையுருண்டையை வீசியே அதைப் பிடித்துவிடுகிறது.