நிக் யார்?

‘நிக்நேம்’ என்ற ஆங்கிலச் சொல்லின் பின்பாதி பெயர் என்பது எல்லாருக்கும் தெரியும். முன்பாதியில் நிற்கும் ‘நிக்’ யார்? நிக்கோலஸின் சுருக்கம் என்று தோன்றலாம். சாத்தானை ‘ஓல்டு நிக்’ என்பார்கள், அவன் வைத்த பெயரோ என்றும் தோன்றலாம். நிக் என்றால் கத்தி போடும் சிறு வெட்டு. ராபர்ட்டை வெட்டி ராப் ஆக்குவதால் வெட்டுப்பெயர் என்று சொன்னால் தலையாட்டாதவர் குறைவு. மூன்றும் தவறு. சொல்லாராய்ச்சியில் கேட்டவுடன் பிடித்துப்போகிற விளக்கத்தைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

பழைய வடிவம் ‘ஈக்நேம்’. ஈக் என்றால் கூடுதல். இருக்கிற பெயருக்கு மேல் இன்னொரு பெயர். இன்றைய ஆங்கிலத்தில் அந்த ஈக் பெரும்பாலும் ‘ஈக் அவுட்’ என்ற தொடரில்தான் மூச்சுவிடுகிறது. பற்றாத வருமானத்தை இழுத்துப்பிடித்துக் காலம் தள்ளுவதைச் சொல்லும் தொடர் அது. லத்தீனில் வளர்ப்பது, கூட்டுவது என்ற பொருளில் வரும் ‘அவுகேரே’ இதற்கு உறவு. விலை ஏறிக்கொண்டே போகும் ஏலத்துக்கு ‘ஆக்‌ஷன்’ என்ற பெயர் அங்கிருந்து வந்தது. கி.மு. 27இல் ரோமானிய செனட் ஒக்டேவியனுக்குச் சூட்டிய ‘அகஸ்டஸ்’ என்ற பட்டத்தையும் அறிஞர் பலர் இந்த வேரோடுதான் சேர்க்கிறார்கள். அதுவும் கூடுதலாக வந்த பெயர்தானே! பிற்பாடு அதை ஒரு மாதத்துக்கும் வைத்துவிட்டார்கள்.

ஈக் எப்படி நிக் ஆனது? தமிழிலக்கணம் படித்தவருக்கு இது சுலபம். ஆங்கிலத்தில் ‘ஒரு’ என்பதற்கு மெய்யெழுத்தின் முன் ‘அ’, உயிரெழுத்தின் முன் ‘அன்’. ‘அன் ஈக்நேம்’ என்று வேகமாகச் சொன்னால் னகரத்தின் மேல் ஈகாரம் ஏறி உட்கார்ந்துவிடும். கேட்டவர் அதை ‘அ நீக்நேம்’ என்று பிரித்துக்கொண்டார். நம் புலவர்கள் வேண்டுமென்றே செய்த பிரிமொழிச் சிலேடையை அங்கே ஊரே அறியாமல் செய்திருக்கிறது. 1440 வாக்கில் இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் ‘ப்ராம்ப்டோரியம் பார்வுலோரம்’ என்ற ஆங்கில–லத்தீன் அகராதி உருவானது. சிறுவர்களுக்கான களஞ்சியம் என்று பொருள். அதில் நீக்நேம், ஈக்நேம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, இரண்டுக்கும் ‘அக்னோமென்’ என்று லத்தீன் பொருள் எழுதியிருக்கிறார்கள். அக்னோமென் என்பதும் கூடுதல் பெயரே. ஹானிபாலை வென்ற ஸ்கிப்பியோவுக்குக் கிடைத்த ‘ஆப்பிரிக்கானுஸ்’ அந்த வகை. நம் கங்கைகொண்ட சோழனைப் போல.

இந்த னகரம் ஒட்டுவதோடு நிற்கவில்லை, கழன்றும் போயிருக்கிறது. ஏப்ரன் ஒருகாலத்தில் நேப்ரன், அம்பயர் நம்பயர். ஆரஞ்சின் கதையில் நமக்கும் பங்குண்டு. நாரத்தை, நாரம் என்ற திராவிடச் சொற்களோடு தொடர்புடையதாகக் கருதப்படும் அந்தப் பெயர் வடமொழியில் நாரங்கம், பாரசீகத்தில் நாரங்க், அரபியில் நாரஞ்ச் என்று மேற்கே நடந்தது. ஸ்பானியரிடம் இன்றும் நகரத்தோடு ‘நரன்ஹா’ என்றே இருக்கிறது. இத்தாலியர், பிரெஞ்சுக்காரர் வாயில் நகரம் போய்விட்டது. அவர்களுடைய ‘ஒரு’வும் னகரத்தில் முடிவதுதான் காரணம் என்பார்கள். ஆங்கிலேயருக்கு அது கிடைத்ததே தலையிழந்த நிலையில்தான்.

நெட், நெல், நான் என்ற செல்லப்பெயர்களும் இதே வழியில் வந்தவை. ‘என்’ என்பதற்கு அன்று உயிரெழுத்தின் முன் ‘மைன்’. ‘மைன் எட்’ என்று எட்வர்டைக் கொஞ்சியவர்கள் நெட்டைப் பெற்றார்கள். எலனுக்கு நெல், ஆனுக்கு நான். நிக்நேம் என்ற சொல் பிறந்த விதமும் சில நிக்நேம்கள் பிறந்த விதமும் ஒன்றாக அமைந்தது எனக்கு மிகவும் பிடித்த தற்செயல்.

கொஞ்சல் எல்லாம் பிற்பாடு வந்தது. ராபர்ட் மானிங் 1303இல் தொடங்கிய ‘ஹேண்ட்லிங் சின்’ பாவங்களைப் பற்றிய நூல். ஒருவருக்கு இழிவான ஈக்நேம் வைப்பதை அதில் அவர் கண்டிக்கிறார். சுவீடனில் அதே சொல் ‘ஓக்னாம்ன்’ என்று வாழ்கிறது. அங்கே இன்றும் அது ஏளனப் பெயரை மட்டுமே குறிக்கும். அன்பாகக் கூப்பிடும் பெயருக்கு ‘ஸ்மேக்னாம்ன்’, அதாவது தடவிக்கொடுக்கும் பெயர், என்று தனிச்சொல் வைத்திருக்கிறார்கள். பட்டப்பெயரையும் செல்லப்பெயரையும் நாமும் கலப்பதில்லை. ஆங்கிலத்திலோ நிக்நேம் இரண்டுக்கும் பொது.

1988இல் பின்லாந்தின் ஊலு பல்கலைக்கழகத்தில் யார்க்கோ ஓய்க்கரினென் ஐ.ஆர்.சி. என்ற இணைய அரட்டை முறையை உருவாக்கினார். அதில் பெயர் வைத்துக்கொள்ளவும் மாற்றிக்கொள்ளவும் கொடுக்கும் கட்டளை ‘நிக்’. சொல்லில் பொருளுள்ள பாதியான ‘நேம்’ போய்விட்டது. தவறாகப் பிரித்ததில் உண்டான துண்டு மட்டும் தனியே நின்று பெயர் என்று பொருள் தந்தது. கூடுதல் என்று பொருள்பட்ட அந்தச் சொல்லுக்கு 1993இல் வெளியான விதிமுறையில் ஒரு வரம்பும் போட்டார்கள்: நிக் ஒன்பது எழுத்தைத் தாண்டக் கூடாது.