பன்னிரண்டு முதலியார்கள் ஒப்பிய தாள்

யாழ்ப்பாணத்துக் காணி உறுதி ஒன்றை விரித்து வாசித்தால், நாலு எல்லையும் சொல்லி முடிந்த பிறகும் எழுத்து நீண்டுகொண்டே போகும். கிணற்றில் இத்தனையில் ஒரு பங்கு, தண்ணீர் பாயும் வாய்க்காலில் உரிமை, போய்வரும் பாதையில் உரிமை என்று ஒவ்வொன்றாக வரும். அந்தக் காணி விற்பவருக்கு முதுசமாக வந்ததா, சீதனமாக வந்ததா, தேடியதேட்டமா என்பதும் அங்கே இருக்கும். நொத்தாரிசு முதலில் தேடுவது அதைத்தான். யார் கையெழுத்து வைக்கவேண்டும், யாருக்கு அறிவித்தல் போகவேண்டும், நாளைக்கு யார் வழக்குப் போடலாம் என்பதெல்லாம் அதிலிருந்தே தொடங்கும்.

இந்தப் பாகுபாட்டை இன்றுவரை சுமந்து வந்திருப்பது 1707இல் ஓர் ஒல்லாந்த அதிகாரி எழுதி முடித்த கோவை. தேசவழமை என்று நாம் சொல்வது அதைத்தான்.

எழுதப்படுவதற்கு முன் அது ஊர்ப் பெரியவர்களின் வாயில் இருந்தது. கணவன் தன் பெற்றோர் வழியாகக் கொண்டுவந்தது முதுசம். மனைவி கொண்டுவந்தது சீதனம். இருவரும் சேர்ந்து வாழும் காலத்தில் சம்பாதித்தது தேடியதேட்டம். முதுசம் ஆண்பிள்ளைகளுக்கு, சீதனம் பெண்பிள்ளைகளுக்கு, தேட்டம் எல்லோருக்கும் சமமாக. பழைய வழக்கம் இவ்வளவுதான். தாயின் காணி மகளுக்கும் மகளின் காணி பேத்திக்குமாகப் பெண்வழியே இறங்கிய ஒரு சமூகம் அது. 1619இல் நாடு போர்த்துக்கேயர் கைக்குப் போனபின் இந்த ஒழுங்கு தளர்ந்தது. மகளுக்குச் சீதனம் கொடுக்கும்போது அது முதுசத்திலிருந்தா, தேட்டத்திலிருந்தா என்று பார்க்காமல் கலந்து கொடுக்கத் தொடங்கினார்கள். 1707ஆம் ஆண்டுக் கோவையே, போர்த்துக்கேயரான பிலிப் மஸ்கரேஞ்ஞஸ் ஆட்சி செய்த காலத்தைக் குறிப்பிட்டு, இந்த மாற்றத்தைப் பதிவு செய்கிறது. வழக்கம் அதுவரை தன்பாட்டில் மாறக்கூடியதாக இருந்தது. மாற்றுவதற்கு யாருடைய கையெழுத்தும் வேண்டியிருக்கவில்லை.

1658இல் யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்த ஒல்லாந்தருக்கு வேறொரு தொல்லை இருந்தது. அவர்களுடைய நீதிமன்றங்களுக்குக் காணி வழக்குகள் வந்து குவிந்தன. ஒரே கேள்விக்கு ஆளுக்கொரு வழக்கம் சொன்னால் தீர்ப்பு எழுத முடியாது. 1704இல் ஆளுநர் கொர்னேலிஸ் யோன் சைமன்ஸ், இந்த ஊர் வழக்கங்களைத் திரட்டி எழுதும்படி கட்டளையிட்டார். வேலையை ஏற்றவர் யாழ்ப்பாணத்தில் நீண்டகாலம் வாழ்ந்து பழகிய திசாவை கிளாஸ் ஐசாக்ஸ். 1707 தொடக்கத்தில் அவர் எழுதி முடித்தார். யான் பிருஸ் என்பவர் அதைத் தமிழில் பெயர்த்தார். பிறகு அது விவரமறிந்த பன்னிரண்டு முதலியார்களிடம் கொடுக்கப்பட்டது. அவர்கள் வாசித்து, எங்கள் வழக்கம் இதுதான் என்று ஒப்புக்கொண்டார்கள். ஆண்டவர்கள் ஆளப்பட்டவர்களிடம் சட்டத்தை அவர்கள் மொழியிலேயே காட்டி ஒப்புதல் கேட்டது அந்தக் காலத்துக்குப் பெரிய விஷயம். அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன்.

உள்ளே இருப்பதைப் பார்த்தால், எழுதியவர் ஊருக்குள் நின்று பார்த்து எழுதியது தெரிகிறது. பிள்ளை தத்தெடுக்கும் முறையை எடுத்துக்கொள்ளுங்கள். தத்தெடுப்பவர்கள் மஞ்சள் நீர் குடிக்கவேண்டும். அந்தப் பிள்ளை வந்தால் உரிமை இழக்கக்கூடிய சொந்தக்காரர்கள் அந்த நீரில் விரல் தோய்த்துத் தங்கள் சம்மதத்தைக் காட்டவேண்டும். விரல் தோய்க்காதவருடைய பங்கைத் தத்துப்பிள்ளை கேட்கமுடியாது. கடதாசியும் முத்திரையும் இல்லாத ஊரில், எல்லோரும் பார்க்கச் செய்த செயலே பதிவாக நின்றது. சீதனத்துக்கும் ஒரு கெடு உண்டு. கொடுத்த சீதனத்தைப் பத்து ஆண்டுக்குள் கைப்பற்றி அனுபவிக்காவிட்டால் உரிமை போய்விடும். கொடுத்தோம் என்று பேருக்கு எழுதிவிட்டுக் காணியைத் தாமே ஆண்டுகொண்டிருந்த பெற்றோரும் அண்ணன்மாரும் அன்றும் இருந்திருக்கவேண்டும்; இல்லாவிட்டால் இப்படி ஒரு விதி எதற்கு?

எனக்கு மிகவும் பிடித்த பகுதி காணி விற்பது பற்றியது. பங்கு உள்ளவர்களுக்கும் உரித்தாளர்களுக்கும் சொல்லாமல் காணியை வெளியாளுக்கு விற்கக்கூடாது. ஊரிலேயே இருப்பவருக்கு ஒரு மாதத் தவணை, அதே மாகாணத்தில் இருப்பவருக்கு மூன்று மாதம், வேறு மாகாணமானால் ஆறு மாதம், வெளிநாடானால் ஓர் ஆண்டு. பின்னாளில் அந்தந்தக் கோயிற்பற்றுத் தேவாலயத்தில் மூன்று ஞாயிற்றுக்கிழமை அடுத்தடுத்து அறிவிப்பதே வழக்கமாயிற்று. வெளிநாடு போனவனையும் பங்காளியாக எண்ணி, அவனுக்கு ஓர் ஆண்டு ஒதுக்கியிருக்கிறார்கள். இன்றைக்கு வடக்கில் ஒரு வளவின் பங்காளிகளைத் தேடினால் ஒருவர் ரொறன்ரோவில், ஒருவர் லண்டனில், ஒருவர் பரிசில் இருப்பார். பங்காளிக்கே முதலில் கேட்டு வாங்கும் உரிமை என்ற இந்த ஏற்பாடு 1947இல் தனிச் சட்டமாக்கப்பட்டு இன்னும் நடைமுறையில் இருக்கிறது. கிணறும் வாய்க்காலும் பாதையும் பொதுவாக இருக்கும் ஊரில், அடுத்த வேலிக்காரர் யாராக வருவார் என்பது எல்லோருக்கும் முக்கியமான கேள்விதானே.

ஆனால் அதே கோவையில் அடிமைகள் பற்றியும் ஒரு பகுதி இருக்கிறது. கோவியர், சாண்டார், பள்ளர், நளவர் என்று சாதிப் பெயர்களாகவே அடிமைகளை வரிசைப்படுத்தி, அவர்கள் யாருக்குச் சொந்தம், அவர்களுக்குப் பிறக்கும் பிள்ளைகள் யாரைச் சேர்வார்கள், அவர்கள் இறந்தால் சொத்து யாருக்கு என்று விதி சொல்கிறது. காணியையும் ஒற்றியையும் பற்றிச் சொல்லும் அதே குரலில் மனிதரைப் பற்றியும் சொல்கிறது. ஒப்புதல் கேட்கப்பட்ட பன்னிரண்டு பேரும் அதிகாரத்தில் இருந்தவர்கள். அடிமை என்று எழுதப்பட்டவர்கள் எவரையும் அழைத்து, உங்கள் வழக்கமும் இதுதானா என்று கேட்கவில்லை. எந்தப் பெண்ணையும் கேட்கவில்லை. அதுவரை ஊருக்கு ஊர் கூடக்குறைய நடந்திருக்கக்கூடிய ஓர் ஒடுக்குமுறை, தாளில் ஏறியதும் மாகாணம் முழுவதற்குமான சட்டமாயிற்று. இதைத் தேசவழமையின் பெருமை பேசுபவர்கள் விழுங்கிவிட்டுப் போவது சரியல்ல.

1795இல் யாழ்ப்பாணம் ஆங்கிலேயர் கைக்கு மாறியபோது அந்தக் கோவை கழிந்துபோகவில்லை. 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க ஒழுங்குவிதி அதற்கு முழுச் சட்ட வலுக் கொடுத்தது. யாழ்ப்பாண மாகாணத்து ‘மலபார்’ குடிகளுக்கு, அதாவது தமிழருக்கு, உரியது என்று எழுதினார்கள். கொழும்புக்கு வேலைக்குப் போய்விட்ட யாழ்ப்பாணத்தான் இன்னும் அந்த மாகாணத்துக் குடிதானா என்று பிறகு நீதிமன்றங்கள் பல பத்தாண்டுகள் மல்லுக்கட்டின. 1844இல் இலங்கையில் அடிமை முறை சட்டத்தால் ஒழிந்தது. அடிமைகள் பகுதி செத்த எழுத்தாயிற்று. 1862இல் ஹென்றி பிரான்சிஸ் முத்துக்கிருஷ்ணா இந்தக் கோவையை நீதிமன்றத் தீர்ப்புகளோடு சேர்த்துக் கொழும்பில் பதிப்பித்தார். அதற்குப் பிறகு வழக்கம் என்ன என்று அறிய, நீதவான் ஊர்ப் பெரியவரிடம் போவதைவிடப் புத்தகத்துக்குப் போவது சுலபமாயிற்று. போர்த்துக்கேயர் காலத்தில் தன்பாட்டில் மாறிய வழக்கம், இனி மாறவேண்டுமானால் கொழும்பில் சட்டசபை கூடவேண்டும்.

அப்படிக் கூடி 1911இல் ஒரு கட்டளைச் சட்டம் நிறைவேறியது. யாழ்ப்பாணத்தாரின் திருமண உரிமையையும் வாரிசுரிமையையும் அது புதிதாக எழுதியது, 1947இல் திருத்தப்பட்டது. மனைவியின் சொத்து மனைவிக்கே தனியாக உரியது என்று அது உறுதியாகச் சொல்கிறது. அடுத்த மூச்சில், அந்தச் சொத்து காணியாகவோ வீடாகவோ இருந்தால், கணவரின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் அவள் அதை விற்கவோ ஈடுவைக்கவோ முடியாது என்கிறது. கணவன் தன் காணியை விற்க மனைவியைக் கேட்கவேண்டியதில்லை. 1923இல் இலங்கையின் மணமான பெண்களுக்குத் தங்கள் சொத்தைத் தாமே ஆளும் உரிமை கிடைத்தபோது, தேசவழமைக்கு உட்பட்ட தமிழ்ப் பெண்களை அந்தச் சட்டம் பெயர் சொல்லி விலக்கி வைத்தது.

கணவர் சம்மதிக்க மறுத்தாலோ, கைவிட்டுப் போனாலோ, எங்கே இருக்கிறார் என்றே தெரியாவிட்டாலோ மாவட்ட நீதிமன்றத்துக்குப் போய் அந்தச் சம்மதத்தைப் பெறலாம் என்று 1911ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு வழி விட்டிருக்கிறது. எழுதியவர்கள் ஓடிப்போன கணவனை நினைத்திருப்பார்கள். வடக்கில் இன்று அந்த வாசகத்துக்குள் வந்து நிற்பவர்களில் காணாமலாக்கப்பட்டவர்களின் மனைவிமாரும் இருக்கிறார்கள். தாய் தந்த சீதனக் காணியை, பிள்ளையின் படிப்புக்காகவோ கடனுக்காகவோ விற்க நினைக்கும் பெண், தன் கணவர் இருக்கும் இடம் தனக்குத் தெரியாது என்று நீதிமன்றத்தில் மனுப்போட்டுச் சொல்லவேண்டும். அவரைத் தேடி ஆண்டுக்கணக்காகத் தெருவில் படம் ஏந்தி நிற்பவளிடம், ஒரு காணி உறுதிக்காக அதை எழுதி வாங்குவது கொடுமை.

இலங்கை அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை எல்லோரும் சட்டத்தின் முன் சமம் என்கிறது. அதே அரசியலமைப்பின் 16ஆம் உறுப்புரை, ஏற்கெனவே இருந்த சட்டங்கள் அடிப்படை உரிமைகளுக்கு முரணாக இருந்தாலும் செல்லும் என்கிறது. ஆகவே உயர் நீதிமன்றத்தில் 1911ஆம் ஆண்டுச் சட்டத்தை வீழ்த்த முடியாது; நாடாளுமன்றம்தான் திருத்தவேண்டும். கணவரின் சம்மதம் கேட்கும் அந்தப் பிரிவை எடுத்துவிட்டால் முதுசத்துக்கோ சீதனத்துக்கோ தேடியதேட்டத்துக்கோ எந்தக் குறைவும் வராது. பங்காளிக்கு அறிவிக்கும் முறையும் அப்படியே இருக்கும். தேசவழமை நம் அடையாளம், கைவைக்காதீர்கள் என்று சொல்லும் தமிழ் உறுப்பினர்களே இந்தத் திருத்தத்தை முன்மொழியவேண்டும். வேறு எவரும் நமக்காக அதைக் கொண்டுவரப்போவதில்லை.